சிறு குழந்தைக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்ன பிறகு: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லும் நாளுக்கு முன்பே, அந்த வீட்டினர் பல மாதங்களாகச் "சளி", "வீசிங்", "நெஞ்சு அடைப்பு" என்ற பெயர்களில் அதே தொல்லையைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். இரவில் இரைப்பு கண்டு ஓடுவதும், நெபுலைசர் வைத்தவுடன் குழந்தை சிரிப்பதைப் பார்த்து நிம்மதியோடு திரும்புவதும், அடுத்த சளிக்கு மீண்டும் அதே மருத்துவமனை வாசலில் நிற்பதும் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். அந்தச் சுழற்சியிலிருந்து வெளியே வரும் வழியைப் படிப்படியாக எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இதன் அடிப்படைக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரைப்பு வந்த இரவில் நாம் செய்யும் அவசர வேலைகளைக் காட்டிலும், இரைப்பே இல்லாத நாள்களில் தவறாமல் செய்யும் சிறிய வேலைகள்தாம் இந்த நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

இங்கே குறிப்பிடப்படும் மருந்தளவுகள் பொதுவானவை. உங்கள் குழந்தையைப் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு வேறாக இருந்தால், அதையே பின்பற்ற வேண்டும்.

படி 1: சொல்லப்பட்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர், வெளியே எந்த அறிகுறியும் தெரியாத நாள்களிலும் மெல்லிய வீக்கத்தோடும் எரிச்சலோடும் இருக்கிறது. ஒரு சளிக்கிருமியோ புகையோ தூசியோ உள்ளே போகும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன: குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் மேலும் வீங்குகிறது, கோழை கெட்டியாகச் சுரக்கிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவது கடினமாவதால், மூச்சை விடும்போது அந்த விசில் போன்ற ஓசை கேட்கிறது. சில குழந்தைகளுக்கு அந்த ஓசையே இருக்காது. விடியற்காலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையே வரும் வறட்டு இருமலும், ஓடினாலோ பலமாகச் சிரித்தாலோ தொடங்கும் இருமலும் மட்டுமே அடையாளமாக இருக்கும்.

"இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, பிறகு எப்படி ஆஸ்துமா என்று சொன்னார்?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாப் பெற்றோருக்கும் எழுகிறது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை ஐந்து வயதுக்கு முன் நம்பத்தக்க வகையில் செய்ய இயலாது. ஆகவே மருத்துவர் அறிகுறிகள் திரும்பத் திரும்ப வரும் விதம், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஆஸ்துமா, தும்மல், தோல் கரப்பான் போன்றவை இருக்கின்றனவா என்பது, குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தால் குழந்தை தெளிகிறதா என்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். இது அரைகுறையான முடிவு அன்று. இந்த வயதில் உலகம் முழுவதும் இப்படித்தான் கண்டறிகிறார்கள்.

இரைப்பு எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது என்பதும் உண்மையே. பிறந்த நாளிலிருந்தே இரைப்பு இருந்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ, பால் குடிக்கும்போது புரையேறிப் புரையேறி இரைத்தாலோ, வேர்க்கடலை போன்ற ஏதாவது வாயில் இருந்தபோது திடீரென மூச்சுத்திணறல் தொடங்கியிருந்தாலோ, அவற்றை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நெடுநாள் இருமலுக்கு "பிரைமரி காம்ப்ளெக்ஸ்", அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்ற பேச்சு உடனே எழும். காசநோயாளி ஒருவரோடு பழகியிருத்தல், விடாத காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானது. இல்லையென்றால் மருத்துவரிடம் நேராகக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

இது வாழ்நாள் முழுவதும் நீடிக்குமா என்பதற்கு இன்று யாரும் உறுதியான விடை தர முடியாது. மூன்று வயதுக்குள் சளியோடு சேர்ந்து இரைப்பு வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு வயதுக்குள் அது நின்றுவிடுகிறது. ஒவ்வாமைக் குடும்ப வரலாறும் தோல் கரப்பானும் உள்ளவர்களுக்குத் தொடரும் வாய்ப்பு கூடுதல்.

படி 2: அடுத்த சந்திப்புக்கு ஆயத்தமாகுங்கள்

நோயின் பெயரைக் கேட்ட அன்று மருத்துவர் சொன்ன பாதி மனத்தில் தங்கியிருக்காது. எனவே ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை, இயன்றால் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவரையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆகிய இடங்களில் காலைக் கூட்டத்தில் மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நிமிடங்கள் வீணாகாதிருக்க இரண்டு காரியங்கள் உதவும்.

முதலாவது, கைப்பேசி வீடியோ. இரைக்கும்போது குழந்தையின் சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் இரைப்பு அடங்கியிருப்பது வழக்கமான ஒன்று. வாயால் விவரிப்பதைவிட அந்தப் பதிவு அவருக்கு அதிகம் சொல்லும். இரண்டாவது, ஒரு சிறிய நோட்டு. எந்த நாளில் இருமல், இரவில் விழித்ததா, இரைப்பை உடனே தணிக்கும் நிவாரண மருந்தை எத்தனை முறை கொடுத்தீர்கள், அன்று வீட்டிலோ தெருவிலோ வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது என்று ஒரு வரி போதும்.

திரும்பும்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் என்ன மருந்து, சளி தொடங்கினால் என்ன, மூச்சு முட்டினால் என்ன என்று மூன்று பகுதிகளாக மருத்துவர் எழுதிய செயல்திட்டம் அது. அச்சிட்ட படிவம் இல்லையென்றால் ஓ.பி. சீட்டின் பின்புறத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்பவர்களுக்கு எழுதித் தரும் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 3: இரண்டு மருந்துகளையும் பிரித்தறியுங்கள்

நிவாரண மருந்து என்பது சால்பூட்டமால் அல்லது லெவோசால்பூட்டமால். கடைகளில் அஸ்தாலின், லெவோலின் என்ற பெயர்களில் பலரும் அறிந்தவை இவை. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். உட்சுவரின் வீக்கத்தை ஒன்றும் செய்யாது. தடுப்பு மருந்து என்பது புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற, மூச்சு வழியாக உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும்; கொடுத்த அன்றே எந்த மாற்றமும் தெரியாது; முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கொடுத்தவுடன் பலன் தெரிவதால் முதல் மருந்தின்மீது வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. எதுவும் தெரியாததால் இரண்டாவது மருந்து பத்து நாளில் அலமாரிக்குப் போய்விடுகிறது. பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை தடம் புரள்வது இந்த இடத்தில்தான்.

இன்ஹேலரின் நிறத்தை வைத்து எது எந்த மருந்து என்று முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். "தினமும்", "இரைத்தால் மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அதுதான் உதவும்.

ஸ்டீராய்டு என்ற சொல் பெற்றோரை அச்சுறுத்துகிறது. அச்சத்துக்குக் கணக்கால் விடை சொல்லலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கடும் இரைப்பின்போது வாய்வழி பிரட்னிசலோன் சிரப் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் கொடுத்தால், ஒரு நாளுக்கு 15 மில்லிகிராம், அதாவது 15,000 மைக்ரோகிராம். இன்ஹேலர் வழியாகக் கொடுக்கும் குறைந்த அளவோ ஒரு நாளுக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், வீரியமும் வேறு. ஆகவே இது நேருக்கு நேர் ஒப்பீடு ஆகாது. ஆனாலும் சிரப் இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் செல்கிறது என்பதையும், இன்ஹேலர் மருந்து தேவையான இடத்துக்கே சிறு அளவில் போகிறது என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிரப்பும் ஊசியுமாக ஓடும் குழந்தைக்கே ஸ்டீராய்டு அதிகம் சேர்கிறது. பக்கவிளைவே கிடையாதா என்றால், உண்டு: முதல் ஆண்டில் உயர வளர்ச்சி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகப் பின்தங்கக்கூடும், வாயில் வெண்படலம் வரலாம். மருந்து கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்கச் செய்வதும், மாஸ்க் பட்ட முகத்தை ஈரத்துணியால் துடைப்பதும் இரண்டாவதைத் தடுக்கும்.

சில குழந்தைகளுக்கு மான்டிலூகாஸ்ட் மாத்திரையோ தூளோ எழுதப்படும். 2020-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் மனநிலைப் பக்கவிளைவுகள் பற்றித் தன் உச்சநிலை எச்சரிக்கையை வெளியிட்டது. கெட்ட கனவு, வழக்கத்துக்கு மாறான எரிச்சல், தூக்கமின்மை தென்பட்டால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள்.

படி 4: ஸ்பேசரைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். மருந்து சரியாக இருந்தும் குணமாகாத குழந்தைகள் பலருக்கு, மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேருவதே இல்லை என்பதுதான் காரணம். எந்தச் சிறு குழந்தைக்கும் இன்ஹேலரை நேரடியாக வாயில் வைத்து அடிக்கக் கூடாது. மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். இன்ஹேலருக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே வைத்து, மருந்தைத் தேக்கி மெல்ல மூச்சிழுக்க விடும் பிளாஸ்டிக் குடுவைதான் ஸ்பேசர். நான்கு வயது வரை மாஸ்க் பொருத்திய ஸ்பேசர், அதன்பின் குழந்தைக்கு வாயால் கவ்வி மூச்சிழுக்கத் தெரிந்தால் மாஸ்க் இல்லாத ஸ்பேசர்.

குழந்தையை மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்துளையில் செருகுங்கள். புது இன்ஹேலர் என்றாலோ பல நாள்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலோ, முதலில் இரண்டு மூன்று முறை காற்றில் அடித்துவிட வேண்டும். மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பதியுங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். குழந்தை இயல்பாக ஐந்து அல்லது ஆறு மூச்சு விடும் வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள்; ஸ்பேசரில் உள்ள வால்வு அசைவதைப் பார்த்து எண்ணலாம். ஒரு முறை அழுத்தினால் வரும் மருந்தை ஒரு பஃப் என்பார்கள். இரண்டாவது பஃப் எழுதப்பட்டிருந்தால், அரை நிமிடம் கழித்து மறுபடியும் குலுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு பஃப்களையும் சேர்த்து அடித்தால் பஃப் ஒன்றுக்கு உள்ளே போகும் அளவு குறைந்துவிடும்.

கதறி அழும் குழந்தைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. ஆகவே நோயில்லாத நாளில், மருந்து இல்லாமல், மாஸ்க்கை விளையாட்டுப் பொருளாகப் பழக்குங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், அப்பாவுக்கு வைக்கட்டும், ஆயாவுக்கும் வைக்கட்டும். ஒரு வாரம் இப்படிக் கழித்தால் பிறகு ஆறு மாதப் போராட்டம் இல்லாமல் போகும். காலையிலும் இரவிலும் பல் துலக்குவதற்கு முன்பாக மருந்து என்று வைத்துக்கொண்டால், வாய் கொப்பளிப்பதும் தானாகவே நடந்துவிடும்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு கலந்த நீரில் அமிழ்த்தி எடுத்து, துணியால் துடைக்காமல், தானாக உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்து உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கிய ஸ்பேசரையும் முதலில் இவ்வாறு கழுவிக் காயவிட வேண்டும்.

மருந்து தீர்ந்ததைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து தீர்ந்த பின்னும் வாயு வந்துகொண்டிருக்கும். எண்காட்டி இல்லாத இன்ஹேலர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 120 பஃப் கொண்ட இன்ஹேலரைக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று கொடுத்தால் 30 நாளில் தீரும். தொடங்கிய தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள்.

ஸ்பேசர் கையில் இல்லாத அவசரத்தில், அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்ட 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பயன்படும். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், இவ்வகை பாட்டில் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. நெபுலைசர் இயந்திரம் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மிதமான இரைப்புக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் நெபுலைசருக்குக் குறைந்தவை அல்ல. புயல் அடித்து மின்சாரம் போனாலும் அவை வேலை செய்யும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபின் இந்த இரு ஊர்களும் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது நமக்கு நினைவிருக்கும்.

படி 5: இரைப்பு வரும் இரவுக்கு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பதற்றத்தில் எதையும் சிந்திக்க முடியாது. ஆகவே செய்ய வேண்டியவை எழுதப்பட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச ஆஸ்துமா அமைப்பு, ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவியை இப்படி வகுத்திருக்கிறது: சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் இரண்டு பஃப், ஒன்றன்பின் ஒன்றாக, ஸ்பேசர் வழியாக. தெளியவில்லை என்றால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை வரை அதையே திரும்பக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பஃப்களுக்கு மேல் தேவைப்பட்டாலோ, ஒரு நாள் கடந்தும் குழந்தை இயல்புநிலைக்குத் திரும்பாவிட்டாலோ, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் சில மணி நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் மருந்து தேவைப்பட்டாலே அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் 20 நிமிடம் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்:

- உதடோ நாக்கோ நீலமாகவோ சாம்பலாகவோ மாறுதல்
- விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக்குழியிலும் சதை ஆழமாக உள்வாங்குதல்
- பால் குடிக்கவோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லவோ இயலாமை
- குழந்தை குழம்பிய நிலையில் அல்லது மயக்கமாகத் தூங்கி வழிதல்
- கடுமையாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குழந்தையிடம் விசில் ஓசை திடீரென நின்று, சோர்வு மட்டும் கூடுதல்

கடைசியாகச் சொன்னதைப் பலர் "அடங்கிவிட்டது" என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓசை எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். மூச்சை எண்ணத் தெரிந்துகொள்வதும் நல்லது: அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடத்துக்கு, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40-க்கு மேல், இரண்டு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு 50-க்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், கொரோனா காலத்தில் வாங்கியது, வீட்டில் இருந்தால், 92 சதவீதத்துக்குக் கீழ் காட்டுவது அபாயம். ஆனால் பெரியவர்களுக்கான கிளிப் சிறு விரலில் தவறாகக் காட்டும் என்பதால், அது நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று காத்திருக்க வேண்டாம். குழந்தையின் தோற்றத்தையே நம்புங்கள்.

எங்கே போவது என்பதையும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஜிப்மருக்குத்தான் போக வேண்டும் என்று சிதம்பரத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ மூச்சுத் திணறும் குழந்தையோடு நெடுந்தூரம் ஓடுவதைவிட, இரவிலும் ஆக்சிஜனும் நெபுலைசரும் உள்ள பக்கத்து மருத்துவமனையில் முதலில் நிலைப்படுத்திக்கொண்டு பிறகு மேலே செல்வதே பாதுகாப்பு. அத்தகைய இடம் எது என்று பகலில் நேரில் போய் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தனியாக பைக்கில் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு போகாமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரையிலும், போகும் வழியிலும் நிவாரண மருந்தைத் தொடரலாம். குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். மடியில் நிமிர்ந்தோ சற்று முன்சாய்ந்தோ இருக்கட்டும். கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அது ஆஸ்துமாவைத் தணிப்பதில்லை, வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தே மிஞ்சும்.

படி 6: வீட்டுக்குள் புகையை நிறுத்துங்கள்

வீட்டை மாற்றியமைப்பது பற்றி நூறு அறிவுரைகள் கிடைக்கும். அவற்றில் முதலிடம் புகைக்கு. திண்ணையில் உட்கார்ந்து பீடியோ சிகரெட்டோ பிடித்துவிட்டு வரும் தாத்தாவின் சட்டையிலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, சவுக்கு விறகில் வெந்நீர் வைக்கும் அடுப்பு ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் பக்கத்தில் அன்போடு செய்யப்படும் ஒன்று என்பதால் அதை நிறுத்துவதுதான் மிகக் கடினம். ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு விளக்கும் பூவும் போதும்.

அடுத்தது தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரி, மனிதத் தோலின் உதிரிகளைத் தின்று, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பெருகுகிறது. கடற்கரை ஊர்களான நமக்கு ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. அதோடு பல வீடுகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும். குழந்தை படுக்கும் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, கை பொறுக்காத சூடுள்ள நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மெத்தையை உதறுவதும் மின்விசிறியைத் துடைப்பதும் குழந்தை வீட்டில் இல்லாத நேரத்தில் நடக்கட்டும். துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். இவற்றால் எல்லாக் குழந்தைக்கும் பெரிய மாற்றம் வரும் என்று சொல்ல முடியாது. தடுப்பு மருந்துக்கு இவை துணை, மாற்று ஆகா.

"கடல் காற்று ஆகாது" என்று சொல்லி சில்வர் பீச்சுக்கே குழந்தையை அழைத்துப் போகாத வீடுகள் இருக்கின்றன. அதற்குத் தேவை இல்லை. கடற்கரையில் எரிக்கப்படும் குப்பையின் புகை பக்கமாகப் போகாமல் இருந்தால் போதும்.

படி 7: ஊரின் பருவங்களை முன்னறிந்து செயல்படுங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் சளி வரும். சிறு குழந்தைகளின் இரைப்புக்கு மிகப் பெரிய தூண்டுதல் ஒவ்வாமையைவிடச் சளிக்கிருமிகளே. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்தின் அளவு போதுமா என்று கேளுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.

தீபாவளியன்று மாலையில் சன்னல்களை அடைத்து, குழந்தையை உள்ளறையில் வைத்திருப்பது ஒரு வழி. தெருவே புகைமூட்டமாகும் நெரிசலான பகுதி என்றால், அந்த ஓர் இரவு மட்டும் ஊருக்கு வெளியே உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. போகிக்கும் இது பொருந்தும். மார்கழிப் பனியில் புகை மேலெழாமல் தரையோடு படிந்து நிற்பதால், விடியற்காலையில் டயர் எரியும் தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. தை மாத அறுவடைக்காலத்தில் களத்துத் தூசி. கோடையில் சாலைத் தூசி. குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வசிப்பவர்கள் இரசாயன வாடை மிகும் நாளில் சன்னலை அடைத்துவிட்டு, அந்த நாளை நோட்டில் குறித்துவையுங்கள். வாடைக்கும் இருமலுக்கும் உறவு இருக்கிறதா என்பது இரண்டு மாதக் குறிப்பில் தெரிந்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் பூஞ்சையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 2015-ஆம் ஆண்டின் வெள்ளமும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும் எத்தனையோ வீடுகளின் சுவர்களை வாரக்கணக்கில் ஈரமாக வைத்திருந்தன. கரும்புள்ளி படர்ந்த சுவருள்ள அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். நனைந்த மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்தாமல் தூக்கி எறிந்துவிடுங்கள். மழைக்காலம் முழுவதற்குமான மருந்தை அக்டோபரிலேயே வாங்கி, ஸ்பேசரோடும் செயல்திட்டத் தாளோடும் ஒரு நீர்புகாப் பையில் வைத்திருங்கள்.

படி 8: வீட்டுப் பெரியவர்களை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்

"இன்ஹேலர் பழகினால் விடாது", "வாழைப்பழமும் தயிரும்தான் காரணம்", "தலைக்குக் குளிப்பாட்டியதால் வந்தது" ஆகிய மூன்றையும் கேட்காத தாய் இந்த ஊர்களில் இருக்க முடியாது. இன்ஹேலர் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை இருப்பதாகக் கண்டறியப்பட்டால் தவிர, பழத்தையும் தயிரையும் நிறுத்துவதால் குழந்தை மெலியுமே ஒழிய இரைப்பு குறையாது. ஆனால் இதை மாமியாரிடம் மருமகள் வாதிட்டு வெல்வது நடக்காத காரியம். அவர்களை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேள்வியை அவர்களே கேட்கட்டும், பதிலும் அவர்களுக்கே கிடைக்கட்டும். பிறகு மாலை மருந்து கொடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படையுங்கள். "அத்தை, ஏழு மணிக்கு மருந்து நீங்கதான் குடுக்கணும்" என்று சொல்லப்பட்ட வீடுகளில் எதிர்ப்பு விரைவில் கரைந்துவிடுகிறது.

தூதுவளை ரசத்தாலும் கற்பூரவள்ளிச் சாற்றாலும் பெரிய கேடு ஒன்றும் இல்லை. மருந்து தொடரும் வரை அவற்றுக்காகச் சண்டையிட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரலாம். ஆண்டுதோறும் ஜூனில் ஹைதராபாத்தில் உயிர்மீனின் வாயில் வைத்து விழுங்கக் கொடுக்கும் மருந்துக்கு ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. சிறு குழந்தைக்கு அது மூச்சடைக்கும் ஆபத்தும்கூட.

பெண் குழந்தை என்றால் "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது" என்ற பேச்சும் வரும். மறைப்பதன் விலையைக் குழந்தையே கொடுக்கிறது. திருமண வீட்டில் இரைக்கும்போது பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கக் கூசும் தாயால் பத்து நிமிடம் தாமதமாகிறது.

இதற்கிடையில் தாயும் தந்தையும் தூங்க வேண்டும். ஒவ்வோர் இருமலுக்கும் இருவரும் சேர்ந்து விழித்திருப்பதால் பயனில்லை. இரவை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை நன்றாக இருக்கும் மாதங்களிலும் பயம் விலகாமல், பசியும் தூக்கமும் கெட்டுப் போனால், அதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசலாம்.

படி 9: அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சொல்லுங்கள்

ஆசிரியரிடம் பெயர் எழுதிய நிவாரண இன்ஹேலர், ஸ்பேசர், ஒரு பக்கச் செயல்திட்டம், இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியவற்றைக் கொடுத்து, ஒருமுறை நேரில் செய்து காட்டுங்கள். விளையாட்டிலிருந்து குழந்தையை விலக்கச் சொல்லாதீர்கள். ஓடினால் இரைக்கும் குழந்தைக்கு ஓட்டத்துக்கு முன் மருந்து தேவையா என்று மருத்துவர் சொல்வார். அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

படி 10: நான்கு கேள்விகளோடு தொடர்ந்து கண்காணியுங்கள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடந்த நான்கு வாரங்களை நினைத்து இந்த நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பகலில் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இரைப்போ இருமலோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்ததா? ஆஸ்துமாவால் இரவில் விழித்ததா, இருமியதா? வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டதா? மற்ற குழந்தைகளைவிடக் குறைவாக ஓடியதா, சீக்கிரம் களைத்ததா? நான்குக்கும் "இல்லை" என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டுக்கு "ஆம்" என்றால் கட்டுப்பாடு அரைகுறை. மூன்றோ நான்கோ என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் மருந்தைக் கூட்டக் கேட்பதற்கு முன், ஸ்பேசரை நீங்கள் கையாளும் விதத்தை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும்.

ஏறக்குறைய மூன்று மாதம் தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தால் தடுப்பு மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். குறைப்பதற்கு மழைக்கால நடுவைத் தேர்ந்தெடுக்காமல், மார்ச் போன்ற அமைதியான மாதத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. குறைத்தபின் மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் ஒரு மறுபார்வை இருக்க வேண்டும். அந்தத் தேதியை மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.